செத்தவர் மீது வழக்கு: போப் ஃபார்மோசஸும் அவருக்குப் பின் எழுந்த தகராறும்

கி.பி. 897 ஜனவரியில் ரோம் நகரின் லாத்தரன் பேராலயத்தில் ஒரு விசாரணை நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் போப் ஃபார்மோசஸ். அவர் இறந்து ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. கல்லறையைத் திறந்து பிணத்தை வெளியே எடுத்து, போப்புக்குரிய திருவுடைகளை உடுத்தி, இருக்கையில் உட்கார வைத்தார்கள். பிணம் வாய் திறக்காது என்பதால் அதன் சார்பில் பதில் சொல்ல ஒரு திருத்தொண்டரைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். எதிரில் நின்று கேள்வி கேட்டவர் அப்போது பதவியில் இருந்த போப் ஆறாம் ஸ்தேவான். சில பழைய பட்டியல்கள் இவரை ஏழாம் ஸ்தேவான் என்று எண்ணுகின்றன. வரலாற்றாசிரியர்கள் இந்த ஆயர் மன்றத்தைப் பிண மன்றம் என்று அழைக்கிறார்கள்.

பித்துப்பிடித்த ஒருவரின் வெறிச்செயலாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் சாட்டப்பட்ட குற்றங்களையும் வழங்கப்பட்ட தீர்ப்பையும், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்தத் தீர்ப்பு பட்ட பாட்டையும் சேர்த்துப் பார்த்தால், வெறிக்கு அடியில் ஒரு சட்டக் கணக்கு ஓடுவது தெரியும். ஃபார்மோசஸ் தன் கையால் பலரைக் குருக்களாகவும் ஆயர்களாகவும் திருநிலைப்படுத்தியிருந்தார். அந்தக் கை தந்தது செல்லுமா, செல்லாதா? ரோமிலும் தெற்கு இத்தாலியிலும் பலருடைய பதவியும் பிழைப்பும் அந்தக் கேள்வியில் தொங்கின.

ஒன்பதாம் நூற்றாண்டு போப் ஆன்மீகத் தலைவர் மட்டும் அல்லர். அவர் ரோமின் ஆயர். 756-இல் பிராங்கு அரசர் பிப்பின் லொம்பார்டுகளிடமிருந்து கைப்பற்றித் தந்த நிலங்களால் மத்திய இத்தாலியின் பெரிய நிலக்கிழாரும் அவரே. வரி, நீதி, படை, களஞ்சியம், எழுத்தர் குழாம் எல்லாம் லாத்தரன் அரண்மனையிலிருந்து நடந்தன. 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று மூன்றாம் லியோ சார்லமேனுக்கு முடி சூட்டியதிலிருந்து, மேற்கில் பேரரசர் என்ற பட்டத்தைக் கொடுக்கும் கையும் போப்பின் கையாயிற்று. சார்லமேனின் வம்சம் வலுவாக இருந்தவரை அந்தக் கையை மற்றவர்கள் முறுக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. 888-இல் பேரரசர் பருத்த சார்லஸ் இறந்து பேரரசு துண்டுபட்டதும், இத்தாலியில் பட்டத்துக்குப் போட்டியிட்ட ஒவ்வொரு பிரபுவுக்கும் தனக்கு வேண்டிய போப் ஒருவர் தேவைப்பட்டார். போப்பைத் தேர்ந்தெடுப்பது ரோமின் குருகுலமும் மக்களும் என்பது ஏட்டுச் சட்டம். நடப்பில் நகரத்துப் பெருங்குடும்பங்கள்தான் தேர்ந்தெடுத்தன.

இந்தச் சண்டையில் ஆயுதமாகப் பயன்பட்ட விதி ஒன்று உண்டு. 325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம், ஆயர் ஒருவர் தன் மறைமாவட்டத்தை விட்டு வேறொன்றுக்கு மாறக் கூடாது என்று விதித்திருந்தது. ஆயருக்கும் அவருடைய ஊருக்கும் உள்ள உறவு திருமணத்தைப் போன்றது, மாறுவது துணையைக் கைவிடுவதற்கு ஒப்பு என்பது அதன் அடிப்படை. விதி இருந்தது, விதிவிலக்குகளும் வேண்டிய அளவு இருந்தன. ரோமிலோ நெடுங்காலம் இந்தச் சிக்கல் எழவே இல்லை, ஏனெனில் போப்புகள் பெரும்பாலும் நகரத்துக் குருக்களிலிருந்தும் திருத்தொண்டர்களிலிருந்தும் வந்தார்கள்.

இன்னொரு முன்னுதாரணமும் இருந்தது. 767-இல் நேப்பி ஊரின் பிரபு டோட்டோ, குருப்பட்டம் எதுவும் பெறாத தன் தம்பி கான்ஸ்டன்டைனை ஆயுதபலத்தால் போப் ஆக்கினார். அடுத்த ஆண்டு எதிரணி அவரைப் பிடித்துக் கண்களைக் குருடாக்கியது. 769-இல் லாத்தரனில் கூடிய மன்றம் அவருடைய செயல்களின் ஏட்டைத் தீயிட்டது. அவர் செய்த திருநிலைப்பாடுகளைச் செல்லாதென்றது. தோற்ற போப் கொடுத்த பட்டங்களைத் திரும்பப் பறிக்கலாம் என்ற எண்ணம் ரோமுக்குப் புதிதல்ல. ஆனால் கான்ஸ்டன்டைன் உயிரோடு இருந்தார், தேர்தல் முறைகேடும் வெட்டவெளிச்சமாக இருந்தது. ஃபார்மோசஸின் கதை அவ்வளவு நேரானதல்ல.

ஃபார்மோசஸ் 864-இல் போர்ட்டோ என்னும் ஊரின் ஆயரானார். டைபர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், ரோமுக்கு அருகில் உள்ள சிறு மறைமாவட்டம் அது. அறிவாளி, கண்டிப்பானவர், உபவாசத்தில் காலம் கழிப்பவர் என்று பெயர். 866-இல் போப் முதலாம் நிக்கோலஸ் அவரைப் பல்கேரியாவுக்கு அனுப்பினார். அங்கே புதிதாகத் திருமுழுக்குப் பெற்றிருந்த மன்னர் போரிஸ், தன் திருச்சபை கான்ஸ்டான்டினோப்பிளைச் சார்வதா ரோமைச் சார்வதா என்று இரண்டு பக்கமும் பேரம் பேசிக்கொண்டிருந்தார். வந்த தூதரை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. இவரையே எங்களுக்குப் பேராயராகக் கொடுங்கள் என்று ரோமை விடாமல் கேட்டார். நிக்கோலஸ் மறுத்தார், சொன்ன காரணம் நிசேயா விதி. பின்னாளில் ஃபார்மோசஸின் பிணத்தின் முன் வாசிக்கப்படப்போகும் விதி அவர் வாழ்க்கையில் முதலில் குறுக்கிட்டது இங்கேதான். போரிஸ் சலித்துப்போய் 870-இல் கிழக்குத் திருச்சபையின் பக்கம் சாய்ந்தார். பல்கேரியா இன்றுவரை ஆர்த்தடாக்ஸ் நாடாக இருப்பதில் ஒரு போர்ட்டோ ஆயரின் இடமாற்றம் மறுக்கப்பட்டதற்கும் சிறு பங்கு உண்டு.

875-இல் பேரரசுப் பட்டத்தை ஏற்கும்படி மேற்குப் பிராங்கிய அரசர் வழுக்கைத் தலை சார்லஸுக்கு ரோமின் அழைப்பைக் கொண்டுசென்றவர்களில் ஃபார்மோசஸும் ஒருவர். ஆனால் மறு ஆண்டே அவர் போப் எட்டாம் யோவானின் பகைவர் பட்டியலில் இருந்தார். யோவானுக்குப் பிடிக்காத உயர் அதிகாரிகள் சிலர் நகரை விட்டு ஓடியபோது ஃபார்மோசஸும் ஓடினார். 876 ஏப்ரலில் கூடிய மன்றம் அவர் மீது குற்றங்களை அடுக்கியது: பல்கேரியப் பேராயர் பதவிக்கு ஆசைப்பட்டார், போப் பதவிக்கே ஆசைப்பட்டார், பேரரசருக்கு எதிராகச் சதி செய்தார், சொன்ன பேச்சுக்குக் கட்டுப்படாமல் தன் மறைமாவட்டத்தைக் கைவிட்டார். திருச்சபை அவரை விலக்கி வைத்தது. 878-இல் பிரான்சின் டிரோயேயில் யோவான் கொஞ்சம் இறங்கிவந்தார். இனி ரோமுக்குத் திரும்புவதில்லை, குருப்பணி செய்வதில்லை என்று ஃபார்மோசஸ் சத்தியம் செய்துகொடுக்க, விலக்கம் தளர்த்தப்பட்டது.

அந்தச் சத்தியத்தின் ஆயுள் ஐந்து ஆண்டுகள்கூட இல்லை. 882 டிசம்பரில் யோவான் இறந்தார். உறவினர் ஒருவர் நஞ்சு கொடுத்ததாகவும், நஞ்சு வேலை செய்யத் தாமதமானதால் சுத்தியலால் தலையில் அடித்ததாகவும் ஃபுல்டா மடத்து ஆண்டேடு கூறுகிறது. அடுத்து வந்தவர் மரினஸ். அவர் ஃபார்மோசஸைச் சத்தியத்திலிருந்து விடுவித்து, 883-இல் மீண்டும் போர்ட்டோவுக்கே ஆயராக்கினார். இந்த மரினஸைக் கவனிக்க வேண்டும். அவரும் ஏற்கெனவே காயிரே என்னும் ஊருக்கு ஆயராக இருந்துவிட்டே ரோமுக்கு வந்தவர். வேறு மறைமாவட்டத்திலிருந்து வந்து போப் ஆன முதல் ஆள் அவர்தான். நிசேயா விதி மீறப்பட்டது, முணுமுணுப்பு எழுந்தது, ஆனால் அவருடைய கல்லறையை யாரும் தோண்டவில்லை.

891 அக்டோபரில் ஃபார்மோசஸ் போப் ஆனபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பேரரசுப் பட்டம் அப்போது ஸ்பொலேட்டோ பிரபு கீதோவிடம் இருந்தது. ரோமுக்கு வடகிழக்கே மலையடிவாரத்தில் இருந்த ஸ்பொலேட்டோ போப்பின் நிலங்களை எப்போதும் உரசிக்கொண்டிருந்த ஆட்சிப்பகுதி. பக்கத்து வீட்டுக்காரன் பேரரசனானால் வேலி நகராமல் இருக்குமா? முந்தைய போப் ஐந்தாம் ஸ்தேவான் வேறு வழியின்றி கீதோவுக்கு முடிசூட்டியிருந்தார். ஃபார்மோசஸும் அதே நெருக்கடியில் 892-இல் கீதோவின் மகன் லம்பெர்ட்டுக்கு இணைப் பேரரசராக ரவென்னாவில் முடிசூட்டினார். ஆனால் அடுத்த ஆண்டே கிழக்குப் பிராங்கிய அரசர் ஆர்னுல்ஃபுக்கு ரகசியமாகத் தூது போனது: வந்து எங்களைக் காப்பாற்றும்.

ஆர்னுல்ஃப் 894-இல் ஒருமுறை வந்து பாதியில் திரும்பினார். அந்த ஆண்டு இறுதியில் கீதோ இறந்தார். 896 பிப்ரவரியில் ஆர்னுல்ஃப் மீண்டும் வந்தபோது ரோமின் வாயில்களை அடைத்து நகரைப் பிடித்து வைத்திருந்தவர் கீதோவின் விதவை அகெல்ட்ரூடா. போப்பைச் சிறை வைத்ததும் அவரது தரப்புதான். ஆர்னுல்ஃபின் படை மதிலைத் தாண்டி நுழைந்தது, அகெல்ட்ரூடா தப்பினார், ஃபார்மோசஸ் விடுவிக்கப்பட்டு ஆர்னுல்ஃபுக்குப் பேரரசராக முடிசூட்டினார். ஒரே கை இரண்டு எதிரிகளுக்கு முடி சூட்டியிருந்தது. ஸ்பொலேட்டோவை நோக்கிப் படை நடத்திய ஆர்னுல்ஃபை வழியிலேயே பக்கவாதம் தாக்கியது. அவர் ஜெர்மனிக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். ஏப்ரல் 4-இல் ஃபார்மோசஸும் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஆறாம் போனிஃபாஸ் இதற்கு முன் இரண்டு முறை திருப்பட்டம் பறிக்கப்பட்டவர். சுமார் பதினைந்து நாள் பதவியில் இருந்து அவரும் இறந்தார். அடுத்தவர்தான் ஆறாம் ஸ்தேவான், அனாக்னி ஊரின் ஆயர்.

பிணத்தின் மீதான குற்றச்சாட்டுகள் மூன்று. ஒன்று, குருப்பணி செய்யமாட்டேன் என்ற சத்தியத்தை மீறினார். இரண்டு, ஆயராக இருந்துகொண்டே போப் பதவிக்கு ஆசைப்பட்டார். மூன்று, போர்ட்டோவைக் கைவிட்டு ரோமுக்கு மாறி நிசேயா விதியை மீறினார். முதல் குற்றம் 883-லேயே மன்னிக்கப்பட்டுவிட்டது. மூன்றாவதை மரினஸ் அதற்கு முன்பே செய்திருந்தார். திருத்தொண்டர் என்ன பதில் சொன்னார் என்பதற்கு முழு ஏடு இல்லை. அது பின்னர் எரிக்கப்பட்டது. தீர்ப்பு தெளிவாகத் தெரியும். ஃபார்மோசஸ் ஒருநாளும் முறையான போப்பாக இருந்ததில்லை. அவர் செய்ததெல்லாம் செல்லாது. திருவுடைகளை உரித்தார்கள். ஆசீர்வாதம் வழங்கப் பயன்படும் வலது கையின் மூன்று விரல்களை வெட்டினார்கள். முதலில் அந்நியர்களுக்கான இடுகாட்டில் புதைத்து, பிறகு அங்கிருந்தும் தோண்டி டைபர் ஆற்றில் எறிந்தார்கள்.

விரல்களை வெட்டியது வெறும் அவமதிப்பு என்று தள்ளிவிட முடியாது. திருநிலைப்படுத்திய கையிலிருந்து அந்த அதிகாரத்தையே எடுத்துவிடுவதாக அதற்குப் பொருள். அதனால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் விசாரித்தவரிடமே வந்து நிற்கிறது. ஸ்தேவானை அனாக்னிக்கு ஆயராகத் திருநிலைப்படுத்தியவர் ஃபார்மோசஸ். ஃபார்மோசஸ் செய்தது செல்லும் என்றால், ஸ்தேவானும் ஓர் ஊரின் ஆயராக இருந்து ரோமுக்கு மாறியவர். அதே குற்றம் அவர் தலையிலும் இருக்கும். ஃபார்மோசஸ் செய்தது செல்லாது என்றால், ஸ்தேவான் அனாக்னிக்கு ஆயராக இருந்ததே இல்லை. ரோமுக்கு வந்ததில் குற்றமில்லை. செத்தவரைக் குற்றவாளியாக்கியதில் உயிரோடு இருந்தவர் தப்பித்தார்.

பழைய நூல்கள் இதை அகெல்ட்ரூடாவின் பழிவாங்கலாகவே வருணிக்கின்றன. தாயும் மகனும் அந்தக் குளிர்காலத்தில் ரோமில் செல்வாக்கோடு இருந்தது உண்மைதான். ஆனால் லம்பெர்ட்டுக்கு முடி சூட்டியதும் அதே ஃபார்மோசஸின் கை. அந்தக் கையின் செயல்கள் எல்லாம் செல்லாதென்றால் லம்பெர்ட்டின் பட்டமும் ஆட்டம் காணும். பழிவாங்கல் மட்டுமே காரணம் என்றால் இந்த ஓட்டையைப் பேரரசர் தரப்பு கவனிக்காமல் விட்டிருக்காது. ரோமுக்குள்ளேயே ஃபார்மோசஸை வெறுத்த ஒரு குருகுலக் கட்சி எட்டாம் யோவான் காலத்திலிருந்து இருந்துவந்தது. மன்றத்தை நடத்தியதில் அவர்களுடைய பங்கே பெரிது என்று கொள்வது பொருத்தம். அக்கட்சியின் முன்வரிசையில் இருந்தவர் செர்ஜியஸ். இவரை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

897-இல் லாத்தரன் பேராலயம் இடிந்து விழுந்தது. மக்கள் அதை வானத்தின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஆற்றில் எறிந்த உடல் கரையொதுங்கியது, அற்புதங்கள் நிகழ்ந்தன என்று பேச்சு பரவியது. ஆகஸ்டில் ரோமானியர் எழுந்து ஸ்தேவானைப் பதவியிலிருந்து இழுத்துச் சிறையில் தள்ளினார்கள். அங்கே அவர் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டார். ரோமானஸ் என்பவர் சில மாதங்கள் இருந்து போனார். இரண்டாம் தியோடோர் இருபது நாளே இருந்தார். அந்த இருபது நாளில் ஃபார்மோசஸின் உடலைத் தூய பேதுரு பேராலயத்தில் மரியாதையோடு மீண்டும் அடக்கம் செய்யவைத்தார், ஃபார்மோசஸ் கொடுத்த பட்டங்கள் செல்லும் என்றும் அறிவித்தார். நீண்டகாலம் ஆண்ட பல போப்புகளைவிட இந்த இருபது நாள் போப் செய்த காரியம் பெரிது.

898-இல் ஒன்பதாம் யோவான் ரோமிலும் ரவென்னாவிலும் மன்றங்கள் கூட்டினார். அவற்றின் முடிவுகள் நிதானமானவை. எந்தெந்த இடத்தில் ஒழுகுகிறதோ அந்தந்த இடத்தை அடைக்கப் பார்த்தவை. பிண மன்றத்தின் ஏடுகள் எரிக்கப்பட வேண்டும். செத்தவரை இனி யாரும் விசாரணைக்குக் கொண்டுவரக் கூடாது, ஏனெனில் பிணத்தால் பதில் சொல்ல முடியாது. கட்டாயத்தால் அந்த மன்றத்தில் உட்கார்ந்த ஆயர்களுக்கு மன்னிப்பு உண்டு. செர்ஜியஸுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் கிடையாது. ஃபார்மோசஸ் போர்ட்டோவிலிருந்து ரோமுக்கு மாறியது தேவையை முன்னிட்டு நடந்தது, அதை யாரும் முன்னுதாரணமாக எடுக்கக் கூடாது. லம்பெர்ட்டுக்குச் சூட்டிய முடி செல்லும். ஆர்னுல்ஃபுக்குச் சூட்டியது நிர்பந்தத்தால் நடந்தது, செல்லாது. ஆக, அந்தக் கையின் செயல்களில் வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைக் கழிக்கும் வேலையை நல்லவரான யோவானும் செய்யவே வேண்டியிருந்தது.

அந்த மன்றத்தின் முடிவுகளில் அதிகம் பேசப்படாத ஒன்று, காலத்தின் நிலையை மற்றெல்லாவற்றையும்விட நெருக்கமாகக் காட்டுகிறது. போப் இறந்ததும் கும்பல் லாத்தரன் அரண்மனைக்குள் புகுந்து கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போவது அப்போது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. ஆயர்கள் இறந்தாலும் இதே கதி. யோவான் இந்தக் கொள்ளையைத் தடை செய்தார். இழவு வீட்டில் கொள்ளை போகாமல் இருக்கத் திருச்சபைச் சட்டம் போடவேண்டிய நிலை!

898 அக்டோபரில் லம்பெர்ட் வேட்டைக்குப் போன இடத்தில் இறந்தார். யோவான் சேர்த்துக் கட்டிய ஏற்பாட்டின் ஒரு காலே ஒடிந்தது. 903-இல் ஐந்தாம் லியோவை ஒரு மாதம்போலப் பதவியில் இருக்கவிட்டு கிறிஸ்டோபர் என்ற குரு சிறையில் தள்ளினார். 904 தொடக்கத்தில் நாடு கடத்தப்பட்டிருந்த செர்ஜியஸ் ஆயுதங்களோடு திரும்பிவந்து கிறிஸ்டோபரையும் அதே சிறைக்கு அனுப்பினார். ஃபார்மோசஸ் இறந்த 896 ஏப்ரல் முதல் அன்றுவரை எட்டு ஆண்டுகளில் எட்டுப் பேர் அந்த இருக்கையில் உட்கார்ந்து எழுந்திருந்தார்கள். ஒன்பதாமவர் மூன்றாம் செர்ஜியஸ்.

செர்ஜியஸின் கணக்கும் ஸ்தேவானின் கணக்கைப் போன்றதே, ஆனால் இன்னும் துல்லியமானது. ஃபார்மோசஸ் அவரைக் காயிரேவுக்கு ஆயராக்கியிருந்தார். ரோமிலிருந்து ஒரு போட்டியாளரை அப்புறப்படுத்த ஆயர் பதவி நல்ல வழி, ஏனெனில் நிசேயா விதிப்படி ஆயரான பின் போப் ஆக முடியாது. பிண மன்றம் அந்தப் பட்டத்தை ரத்து செய்ததும் செர்ஜியஸ் மகிழ்ச்சியோடு திருத்தொண்டர் நிலைக்கு இறங்கிக்கொண்டார். மேலே ஏறுவதற்காகக் கீழே இறங்கினார் என்று சொல்ல வேண்டும். போப் ஆனபின், தான் இருக்கும் இருக்கை சட்டப்படி சரியாக வேண்டுமானால் பிண மன்றத்தின் தீர்ப்பு நின்றாக வேண்டும். எனவே அதை மீண்டும் உறுதிசெய்தார். ஃபார்மோசஸிடம் பட்டம் பெற்ற எல்லோரும் மறுபடியும் திருநிலைப்பட வேண்டும் என்றார். மறுத்தவர்களுக்கு நாடுகடத்தல், சிறை என்று மிரட்டினார். கொலையுண்ட ஸ்தேவானுக்குப் புகழ்ப்பாக் கொண்ட கல்லறைக் கல்லும் எழுப்பினார்.

குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நேப்பிள்ஸில் வாழ்ந்த ஆக்சிலியஸ் என்ற பிராங்கியக் குரு எழுதிவைத்தார். அவரே ஃபார்மோசஸிடம் பட்டம் பெற்றவர். அவருடைய வாதம் எளிது: ஃபார்மோசஸ் ஆயர் இல்லை என்றால் அவர் ஆக்கிய ஆயர்களும் ஆயர்கள் இல்லை, அந்த ஆயர்கள் ஆக்கிய குருக்களும் குருக்கள் இல்லை, அவர்கள் நிறைவேற்றிய திருப்பலிகள், கேட்ட பாவசங்கீர்த்தனங்கள் எல்லாம் வெறும் சடங்கு. இத்தாலியில் அத்தனை ஆண்டுகளாகக் கிறிஸ்தவமே இல்லை என்று ஆகிவிடும். கொடுத்தவர் தகுதியற்றவராகவே இருந்தாலும், நல்லெண்ணத்தோடு பெற்றவருக்கு அது செல்லும். திருமுழுக்கை இரண்டாம் முறை கொடுக்க முடியாதது போலத் திருநிலைப்பாட்டையும் கொடுக்க முடியாது. தகுதியற்ற குரு தரும் அருட்சாதனம் செல்லாது என்ற வட ஆப்பிரிக்க டொனாட்டியருக்கு அகுஸ்தினார் சொன்ன பதிலின் வழியில் நடக்கும் வாதம் இது. பின்னாளில் கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையாக நிலைபெற்றதும் இதே கொள்கைதான். அருள் கொடுப்பவரின் ஒழுக்கத்தைச் சார்ந்ததல்ல என்னும் கோட்பாட்டைக் கூர்தீட்டிய சூழல், ரோமின் மிக அசிங்கமான ஒரு பதவிச் சண்டை.

அதே அணியில் எழுதிய யூஜினியஸ் வல்காரியஸ் அவ்வளவு உறுதியானவர் அல்லர். செர்ஜியஸைக் கண்டித்து எழுதிய அவர், மிரட்டல் வந்ததும் அதே செர்ஜியஸைப் புகழ்ந்து பாட்டெழுதினார். ரோமில் அப்போது எழுந்துவந்த சீமாட்டி தியோடோராவின் பக்தியைப் போற்றியும் ஒரு கடிதம் எழுதினார்.

தியோடோராவின் கணவர் தியோஃபிலாக்ட் 901-இல் ரோமின் நீதிபதிகளில் ஒருவராக முதன்முதலில் கண்ணில் படுகிறார். சில ஆண்டுகளில் போப்பின் கருவூலமும் நகரப்படையும் அவர் கைக்கு வந்தன. பிண மன்றச் சண்டையில் இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கொன்று களைத்த இடத்தில் உண்மையான அதிகாரம் இந்தக் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய மகள் மரோசியா. செர்ஜியஸுக்கும் மரோசியாவுக்கும் பிறந்தவரே பின்னாளில் போப் ஆன பதினொன்றாம் யோவான் என்று கிரெமோனா ஆயர் லியுட்பிராண்ட் எழுதுகிறார். போப்புகளின் வரலாற்றேட்டிலும் ஒரு வரி அதையே சொல்கிறது. ரைம்ஸைச் சேர்ந்த ஃப்ளோடோவார்டு அப்படி எதையும் குறிக்கவில்லை.

இங்கே லியுட்பிராண்ட் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இக்காலத்து ஊழல் கதைகளில் பாதிக்கு மேல் அவர் வாயால் வந்தவை. பாவியாவில் பிறந்தவர், இத்தாலிய அரசர் இரண்டாம் பெரெங்காரோடு மோதிக்கொண்டு ஜெர்மானிய அரசர் ஓட்டோவின் பக்கம் சேர்ந்தவர். சம்பவங்கள் நடந்து ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்து, பழைய பகையைத் தீர்த்துக்கொள்வதற்கென்றே எழுதியவர். பிண மன்றத்தை நடத்தியது ஸ்தேவான் என்பதையே மறந்து செர்ஜியஸ் மீது சுமத்துகிறார். வல்காரியஸ் பக்திமானாகப் போற்றிய தியோடோராவை வெட்கங்கெட்டவள் என்று திட்டுகிறார். ஒருவர் உயிருக்குப் பயந்து புகழ்ந்தவர், மற்றவர் எஜமானுக்காக இகழ்ந்தவர். பெண்கள் கையில் போப்புகள் பொம்மையாயினர் என்று பின்னாள் நூல்கள் இந்தக் காலத்துக்குச் சூட்டிய கொச்சைப் பெயர்கள் எல்லாம் லியுட்பிராண்டின் வசையிலிருந்து முளைத்தவை. தியோஃபிலாக்ட் செய்ததையே மனைவியும் மகளும் செய்தபோது மட்டும் அது ஊழலாயிற்று.

914-இல் பதவிக்கு வந்த பத்தாம் யோவான் இந்தக் குடும்பத்தின் ஆதரவில் வந்தவர். அவர் அதற்கு முன் ரவென்னாவின் பேராயர். ஃபார்மோசஸ் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்தை அப்படியே செய்தவர். எந்த மன்றமும் கூடவில்லை. 915-இல் கரிலியானோ ஆற்றின் முகத்துவாரத்தில் முப்பது ஆண்டுகளாகத் தளம் அமைத்துக் கொள்ளையடித்துவந்த சரசெனியர் என்னும் முஸ்லிம் படையினரை, பைசாந்தியக் கப்பல்களையும் இத்தாலியப் பிரபுக்களையும் ஒன்று சேர்த்து அவர் ஒழித்தார். தானே களத்தில் இறங்கினார். திறமைசாலி. அதுவே வினையாயிற்று. மரோசியாவும் அவருடைய இரண்டாம் கணவர் டஸ்கனியின் கீதோவும் 928-இல் அவர் கண்ணெதிரே அவர் தம்பி பேதுருவை வெட்டினார்கள்; யோவானைச் சிறையில் அடைத்தார்கள். மறு ஆண்டு அவர் அங்கேயே இறந்தார். தலையணையால் மூச்சை அடைத்தார்கள் என்று பேச்சு.

931-இல் மரோசியாவின் மகன் பதினொன்றாம் யோவான் என்ற பெயரில் போப் ஆனார். அதற்குள் கணவர் கீதோவும் இறந்திருந்தார். 932-இல் மரோசியா இத்தாலிய அரசர் ஹ்யூகோவை மணந்தார். ஹ்யூகோவும் கீதோவும் ஒரே தாயின் பிள்ளைகள். சகோதரன் மனைவியை மணப்பது திருச்சபைச் சட்டப்படி குற்றம். கீதோவும் உடன்பிறந்தோரும் உண்மையில் தன் தாய்க்குப் பிறந்தவர்களே அல்லர் என்று சொல்லி ஹ்யூகோ அந்தத் தடையைக் கடந்தார். திருமணம் டைபர் கரையில் ஹேட்ரியன் பேரரசரின் பழைய சமாதியாக இருந்து கோட்டையாக மாறிய சான்டாஞ்சலோவில் நடந்தது.

விருந்தில் மரோசியா தன் முதல் கணவருக்குப் பிறந்த மகன் அல்பெரிக்கிடம், புது மாப்பிள்ளைக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பையன் வேண்டுமென்றே ஒழுங்காக ஊற்றவில்லை. ஹ்யூகோ கன்னத்தில் அறைந்தார். அல்பெரிக் வெளியே போய் ரோமானியரைத் திரட்டினார்: அந்நியனுக்கு அடிமையாக இருப்பீர்களா என்று கேட்டார். கூட்டம் கோட்டையைச் சூழ்ந்தது. அரசர் இரவோடு இரவாகக் கயிற்றில் இறங்கி மதிலைத் தாண்டி ஓடினார். மரோசியாவைச் சிறை வைத்தவர் சொந்த மகன். மற்றொரு மகனான போப்புக்குப் பூசைப் பணி மட்டும் மிஞ்சியது.

அல்பெரிக் 954 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள் ரோமை ஆண்டார். அவர் காலத்தில் போப்புகள் அச்சிட்ட நாணயங்களில் அவர் பெயரும் இருந்தது. ஆனால் க்ளூனி மடத்துத் தலைவர் ஓடோவை அழைத்து ரோமின் மடங்களைச் சீர்படுத்தியதும் அவர்தான். நகரம் அந்த அரை நூற்றாண்டில் கண்ட ஒரே அமைதி அது. சாகும்போது ரோமின் பிரபுக்களைத் தூய பேதுரு பேராலயத்துக்கு வரவழைத்து, அடுத்து போப் பதவி காலியாகும்போது தன் மகன் ஒக்டாவியனைத் தேர்ந்தெடுப்பதாகச் சத்தியம் வாங்கினார். 955-இல் ஒக்டாவியன் பன்னிரண்டாம் யோவான் ஆனார். வயது பதினெட்டு அளவு.

பெரெங்காரின் நெருக்கடி தாங்காமல் யோவான் 960-இல் திருத்தொண்டர் யோவானையும் எழுத்தர் அசோவையும் ஜெர்மனிக்கு அனுப்பி ஓட்டோவை அழைத்தார். 962 பிப்ரவரி 2-இல் ஓட்டோ பேரரசரானார். ஃபார்மோசஸுக்கு ஆர்னுல்ஃப் எப்படியோ யோவானுக்கு ஓட்டோ அப்படி. ஆனால் ஓட்டோவுக்குப் பக்கவாதம் வரவில்லை, திரும்பித் திரும்பி வந்தார். பயந்துபோன யோவான் பெரெங்காரின் மகனோடு பேச்சைத் தொடங்க, 963 நவம்பரில் ஓட்டோ ரோமுக்குள் நுழைந்து மன்றம் கூட்டினார். இம்முறை குற்றவாளி உயிரோடு இருந்தார், ஆனால் வரவில்லை. குதிரை லாயத்தில் ஒரு திருத்தொண்டரைத் திருநிலைப்படுத்தினார், பத்து வயதுச் சிறுவனை டோடிக்கு ஆயராக்கினார், சூதாடும்போது ஜூபிட்டரையும் வீனஸையும் துணைக்கு அழைத்தார், லாத்தரனை விபசார விடுதியாக்கினார் என்று சாட்சிகள் அடுக்கினார்கள். இதைப் பதிவு செய்தவரும் லியுட்பிராண்டே. லத்தீன் பேச வராத ஓட்டோவுக்காக அங்கே அவர்தான் பேசினார்.

யோவான் பதிலாக ஒரு வரிக் கடிதம் அனுப்பினார்: வேறு போப்பைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் அனைவரையும் விலக்கி வைப்பேன், யாரையும் திருநிலைப்படுத்தவோ பூசை செய்யவோ உங்களுக்கு அதிகாரம் இராது. அவசரத்தில் எழுதிய லத்தீனில் எதிர்மறைச் சொல் இரண்டு முறை விழுந்துவிட்டது. ஆயர்கள் கவலைப்படவில்லை, இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு, ஆகவே எங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறீர், நன்றி என்று பதிலில் கேலி செய்தார்கள். டிசம்பரில் அவரை நீக்கிவிட்டு, குருப்பட்டம் எதுவும் இல்லாத தலைமை எழுத்தர் லியோவை ஓரிரு நாளில் எல்லாப் படிகளும் ஏற்றி எட்டாம் லியோ ஆக்கினார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கான்ஸ்டன்டைன் மீது எந்தக் குற்றம் சொன்னார்களோ அதே குற்றம்.

ஓட்டோ நகரை விட்டு அகன்றதும், 964 பிப்ரவரியில் யோவான் திரும்பினார். தன் அழைப்பைச் சுமந்து ஓட்டோவிடம் போய், பின்பு எதிரணியில் சேர்ந்த இருவரையும் தண்டித்தார்: ஒருவருக்குக் கை போயிற்று, மற்றவருக்கு நாக்கும் மூக்கும் விரல்களும். உடனே ஒரு மன்றம் கூட்டி லியோ கொடுத்த திருப்பட்டங்கள் எல்லாம் செல்லாதென்றார். பட்டம் பெற்றவர்கள் ஒவ்வொருவரும், தனக்குக் கொடுத்தவரிடமே எதுவும் இருக்கவில்லை, எனவே தனக்கும் எதுவும் கிடைக்கவில்லை என்ற பொருள்பட எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மே 14-இல் யோவான் இறந்தார். ரோமானியர் பெனடிக்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டோ நகரை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டு, ஜூனில் பணியவைத்து லியோவை மீண்டும் அமர்த்தினார். லாத்தரனில் கூடிய மன்றத்தின் முன் பெனடிக்டின் தோள்பட்டைத் துகில் கழற்றப்பட்டது. செங்கோலை வாங்கி முறித்து மக்களுக்குக் காட்டினார்கள். ஆயர் பட்டமும் குருப்பட்டமும் பறிக்கப்பட்டன; திருத்தொண்டர் பட்டத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த நிலையிலேயே அவர் ஹாம்பர்க்குக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஓரிரு ஆண்டில் அங்கேயே இறந்தார்.